பள்ளிப் பேருந்தா, வேனா, நம் வண்டியா: பிள்ளை இறங்கும் இடத்தை வைத்து முடிவெடுப்பது

மே மாதக் கடைசியில், பள்ளி திறப்பதற்குச் சில நாள்கள் இருக்கும்போது, பெற்றோர் பலருக்கும் ஒரே குழப்பம் வந்துவிடுகிறது. பள்ளிப் பேருந்துக்குக் கட்டணம் கூடுதல், அதுவும் முக்குக் கடை வரைதான் வரும். வேன் வீட்டு வாசலுக்கே வரும், ஆனால் அதில் எத்தனை பிள்ளைகளை ஏற்றுவார்கள் என்று தெரியாது. ஆட்டோக்காரர் தெரு ஆள், நம்பிக்கையானவர். ஸ்கூட்டரில் நாமே கொண்டுபோய் விட்டால் யாரையும் நம்ப வேண்டியதில்லை, ஆனால் மாலை நான்கு மணிக்கு அலுவலகத்தை விட்டு யார் வருவது? இந்தப் பேச்சு பெரும்பாலும் கட்டணத்திலும் நேரத்திலும் முடிந்துபோகிறது. பாதுகாப்பு என்று வரும்போதும், பெரிய வண்டி நல்லது, சின்ன வண்டி ஆபத்து என்ற அளவிலேயே நின்றுவிடுகிறது. தமிழ்நாட்டின் நகரங்களையும் சிற்றூர்களையும் மனத்தில் வைத்து, இந்த வழிகளைச் சற்று வேறு கோணத்தில் எடை போட்டுப் பார்க்கிறேன்.

எதை வைத்து அளப்பது

பள்ளி வாகன விதிகள் இங்கே இறுகியதற்குக் காரணமான இரண்டு துயரங்களை நினைவில் வைத்துக்கொண்டால் அளவுகோல் தானாகக் கிடைக்கும். 2012 ஜூலையில் தாம்பரத்தை அடுத்த முடிச்சூரில், பள்ளிப் பேருந்தின் தரையிலிருந்த ஓட்டை வழியே விழுந்து ஓர் இரண்டாம் வகுப்புச் சிறுமி இறந்தாள். சென்னை உயர் நீதிமன்றம் தானாக முன்வந்து அதை விசாரணைக்கு எடுத்துக்கொண்டது. அதே ஆண்டில் பள்ளிப் பேருந்துகளை ஒழுங்குபடுத்தும் தமிழ்நாடு மோட்டார் வாகனச் சிறப்பு விதிகள் வந்தன. பத்தாண்டு கழித்து, 2022 மார்ச்சில், சென்னை வளசரவாக்கத்தில் பள்ளி வளாகத்துக்குள்ளேயே வேன் மோதி இரண்டாம் வகுப்புச் சிறுவன் ஒருவன் இறந்தான். அதன்பிறகு அந்த விதிகள் திருத்தப்பட்டு, வாகனத்தின் முன்னும் பின்னும் கேமராவும், பின்னால் இருப்பதை உணர்ந்து எச்சரிக்கும் சென்சாரும் கட்டாயமாயின.

முதலாவது வண்டிக்குள் இருந்த பிள்ளைக்கு நேர்ந்தது; இரண்டாவது வண்டிக்கு வெளியே நின்ற பிள்ளைக்கு நேர்ந்தது. முதல் வகையை ஆய்வாளர் வண்டியைத் தட்டிப் பார்த்துக் கண்டுபிடிக்க முடியும். இரண்டாவது வகை தினமும் நாம் கண்ணெதிரே பார்த்துக்கொண்டு நிற்கும் சில நொடிகளில் நடப்பது. ஆகையால் என் வரிசையில் முதல் அளவுகோல், பிள்ளை எங்கே இறங்குகிறது, இறங்கியபின் எத்தனை அடி தனியாக நடக்கிறது, சாலையைக் கடக்க வேண்டியிருக்கிறதா என்பதே. வண்டியின் தகுதியும் அதன் காகிதங்களும் இரண்டாவது. ஓட்டுநரைத் தவிரப் பிள்ளைகளைக் கவனிக்க இன்னோர் ஆள் உண்டா என்பது மூன்றாவது. பிள்ளையின் வயது, போகும் பாதை, கடைசியாகச் செலவு. செலவைக் கடைசியில் வைப்பது அது முக்கியமில்லை என்பதால் அல்ல. ரசீதில் எழுதாத செலவுகளையும் சேர்த்துப் பார்த்தால்தான் எது மலிவு என்பதே தெரியும் என்பதால்.

பள்ளிப் பேருந்து

சாலையில் ஓடிக்கொண்டிருக்கும் நேரத்தைப் பொறுத்தவரை, சரியாகப் பராமரிக்கப்பட்ட பள்ளிப் பேருந்துக்கு ஈடான வண்டி இந்தப் பட்டியலில் இல்லை. எடை அதிகம், இருக்கை உயரம், வேறு வண்டி மோதினாலும் அடி குறைவாகவே உள்ளே வரும். மஞ்சள் நிறம், பள்ளியின் பெயரும் தொலைபேசி எண்ணும், வேகக் கட்டுப்பாட்டுக் கருவி, அவசர வழி, முதலுதவிப் பெட்டி, தீயணைப்பான், சன்னல்களுக்குக் குறுக்குக் கம்பி, உடன் வரும் உதவியாளர் என்று எல்லாவற்றுக்கும் விதி இருக்கிறது. இவற்றில் பலவற்றை உச்ச நீதிமன்றம் 1997-லேயே வலியுறுத்தியது. ஆண்டுதோறும் பள்ளி திறப்பதற்கு முன் போக்குவரத்து, காவல், கல்வி, வருவாய்த் துறையினர் கூட்டாகப் பேருந்துகளைப் பார்வையிடுகிறார்கள். வேறு எந்த வழிக்கும் இவ்வளவு கண்கள் இல்லை.

ஆனால் அதே பெரிய வண்டி நின்றபின், அதைச் சுற்றியுள்ள சில அடி தூரம்தான் பிள்ளைக்கு மிக ஆபத்தான இடமாகிறது. ஓட்டுநர் உயரத்தில் உட்கார்ந்திருக்கிறார். பம்பரை ஒட்டி நடக்கும் யு.கே.ஜி. பிள்ளையின் தலை அவர் கண்ணுக்கு எட்டாது. கீழே விழுந்த தண்ணீர் பாட்டிலை எடுக்கக் குனிந்துவிட்டால் எட்டாவது வகுப்புப் பிள்ளையும் தெரியாது. பேருந்தின் வாசல் இடப்பக்கம் இருப்பதால் இறங்குவது சாலையோரத்தில்தான்; சிக்கல், வீடு எதிர்ப்பக்கம் இருக்கும் பிள்ளைக்கு. பேருந்தின் முன்பக்கமாகச் சுற்றி ஓடிவரும் அந்தப் பிள்ளையை, வலப்பக்கம் முந்திக்கொண்டு பைக்கில் வருபவர் கடைசி நொடி வரை பார்க்க முடியாது. அமெரிக்காவில் பள்ளிப் பேருந்து கைகாட்டியை நீட்டினால் பின்னால் வருபவர் நின்றாக வேண்டும். நம் சாலைகளில் பேருந்து நின்றால், அதுதான் முந்துவதற்கு நல்ல நேரம் என்று நினைப்பவர்களே அதிகம்.

இதற்குப் பெரும்பாலோர் கேட்க நினைக்காத ஒரு தீர்வு உண்டு. பேருந்து எந்தத் திசையில் வரும்போது உங்கள் வீட்டுப் பக்கத்துச் சாலையோரத்தில் நிற்கும் என்று பாருங்கள். காலையில் கடைசி நிறுத்தம் வரை போய்த் திரும்பும்போது ஏற்றிக்கொள்ளச் சொல்லலாம்; மாலையிலும் அதேபோல் வீட்டுப் பக்கம் வரும் திசையில் இறக்கிவிடக் கேட்கலாம். மாலையில் பயணம் கொஞ்சம் நீளலாம். ஆனால் சாலையைக் கடக்கும் வேலையே இல்லாமல் போய்விடும். பள்ளியின் போக்குவரத்துப் பொறுப்பாளரிடம் சேர்க்கையின்போதே கேட்டால் பல பள்ளிகள் ஒத்துக்கொள்கின்றன. ஜூலையில் கேட்டால் பாதை முடிவாகிவிட்டது என்பார்கள்.

அழைக்க வருபவர் எங்கே நிற்கிறார் என்பதும் இதே அளவு முக்கியம். எதிர்ப்பக்கம் நிற்கும் தாத்தாவைப் பார்த்ததும் பிள்ளை ஓடத்தான் செய்யும். அதைத் திட்டிப் பயனில்லை. பேருந்து வாசல் திறக்கும் பக்கத்தில், பேருந்து வருவதற்கு முன்பே போய் நிற்க வேண்டும். கூடவே தம்பி தங்கையைக் கூட்டிக்கொண்டு போகிறவர்கள் அவர்களை இடுப்பிலோ கையிலோ இறுக்கமாக வைத்திருக்க வேண்டும். அக்காவை இறக்கிவிட வந்த வேனின் சக்கரத்தில் இரண்டு வயதுக் குழந்தை சிக்கிய செய்தியைத் தமிழ்நாட்டுச் செய்தித்தாள்கள் திரும்பத் திரும்பப் போட்டிருக்கின்றன. அந்தக் குழந்தை பள்ளியிலேயே சேராதது. எந்தப் பள்ளியின் வருகைப் பட்டியலிலும் அதன் பெயர் இருக்காது.

மறைந்திருக்கும் செலவு பேருந்தில் நேரமாகத்தான் வருகிறது. ஒரே பேருந்து இரண்டு டிரிப் அடிக்கும் பள்ளிகளில், முதல் டிரிப் பிள்ளை விடியற்காலையில் எழ வேண்டும். இரண்டாவது டிரிப் பிள்ளை மாலையில் பள்ளியிலேயே காத்திருக்க வேண்டும். அந்தக் காத்திருப்பு நேரத்தில் யார் பார்த்துக்கொள்கிறார்கள், அவர்கள் விளையாடும் இடத்தில்தான் பேருந்துகள் பின்னோக்கி எடுக்கப்படுகின்றனவா என்று நேரில் போய்ப் பார்த்துவிடுவது நல்லது. சிறப்பு வகுப்பு நாள்களில் பேருந்து கிடையாது என்பதும் சேர்ந்த பிறகுதான் தெரியவரும்.

உதவியாளரைப் பற்றி ஒரு வார்த்தை. ஆயாம்மா இருக்கிறார் என்பது போதாது. அவர் பிள்ளைக்கு முன்னால் கீழே இறங்குகிறாரா என்பதே கேள்வி. படியில் நின்றபடி பிள்ளையைக் கீழே விட்டு, ‘போலாம் ரைட்’ என்று கதவைத் தட்டுபவர் இருந்தும் இல்லாதவர்தான். கடைசி நிறுத்தத்துக்குப் பிறகு அவர் இருக்கை இருக்கையாக நடந்து பார்க்கிறாரா என்றும் கேளுங்கள். 2022 செப்டம்பரில் கத்தாரின் அல் வக்ராவில், பேருந்திலேயே தூங்கிவிட்ட நான்கு வயது இந்தியச் சிறுமி வெயிலில் பூட்டப்பட்ட வண்டிக்குள் இறந்துபோனாள். அங்கே பேருந்து இருந்தது, பணியாளர் இருந்தனர், பின்னிருக்கை வரை நடந்து பார்க்கும் வழக்கம்தான் அன்று இல்லாமற் போயிற்று.

தனியார் வேனும் ஆட்டோவும்

வேனின் பெரிய நன்மை, வீட்டு வாசலில் ஏற்றி வாசலில் இறக்குவது. என் முதல் அளவுகோலின்படி பார்த்தால் இது சாதாரண நன்மையில்லை. பிரதான சாலையில் ஒரு நிறுத்தத்தை விட, சந்துக்குள் வீட்டுப் படியில் இறங்கும் எல்.கே.ஜி. பிள்ளைக்கு ஆபத்து குறைவு. ஓட்டுநருக்குப் பிள்ளையின் பெயர் தெரியும், பாட்டியைத் தெரியும், வீட்டில் ஆள் இல்லாவிட்டால் இறக்கிவிடாமல் பக்கத்து வீட்டில் கேட்கும் பொறுப்பும் பலருக்கு இருக்கிறது. இந்த நெருக்கத்தைப் பள்ளிப் பேருந்தில் எதிர்பார்க்க முடியாது.

எடை போட வேண்டியது மற்ற அளவுகோல்களில். முதலில் நம்பர் பிளேட்டைப் பாருங்கள். மஞ்சள் பலகை என்றால் வாடகைக்கு ஓடப் பதிவான வண்டி. வெள்ளைப் பலகை என்றால் சொந்த உபயோகத்துக்குப் பதிவான வண்டியைக் கட்டணம் வாங்கி ஓட்டுகிறார்கள் என்று பொருள். வெள்ளைப் பலகை வண்டியில் பிள்ளைகளை ஏற்றிச் செல்லும்போது விபத்து நடந்தால், பாலிசியின் நிபந்தனை மீறப்பட்டது என்று காப்பீட்டு நிறுவனம் வாதாடும். இழப்பீட்டு வழக்கு வருடக்கணக்கில் இழுக்கும். மாதக் கட்டணத்தில் சில நூறு ரூபாய் குறைவதற்குப் பின்னால் இருக்கும் உண்மையான விலை இது. வண்டி எண்ணை அரசின் எம்-பரிவாகன் செயலியில் போட்டால் எஃப்.சி. என்கிற வண்டித் தகுதிச் சான்றும் இன்சூரன்சும் எதுவரை செல்லும் என்பது வந்துவிடும். ஓட்டுநரிடம் கேட்டு அவர் முகம் சுளிக்க வேண்டிய அவசியம்கூட இல்லை.

அடுத்தது தலை எண்ணிக்கை. மூன்று பேர் உட்காரும் ஆட்டோவில் ஓட்டுநருக்கு இருபுறமும் பிள்ளைகள் ஒட்டிக்கொண்டு போவதை நாம் பார்த்துப் பழகிவிட்டோம். பைகள் வெளியே தொங்க, ஒரு பிள்ளையின் முழங்கால் ஹேண்டில்பாரை இடிக்க, அந்த வண்டி திடீரென்று திரும்ப வேண்டியிருந்தால் என்ன ஆகும் என்று யாரும் யோசிப்பதில்லை. பழைய மாருதி ஆம்னி வகை வேன்களில் இருக்கைகளுக்கு நடுவே பலகை போட்டு எதிரெதிரே உட்கார வைப்பார்கள். முன்பக்கம் மிகக் குட்டையான அந்த வண்டியில் மோதலைத் தாங்க ஓட்டுநருக்கு முன்னால் அதிகம் ஒன்றுமில்லை. ஜூன் மாதத்தில் எண்ணிப் பார்த்துத் திருப்தி அடைந்துவிடாதீர்கள். ஆகஸ்டில் இரண்டு பிள்ளைகள் சேர்ந்திருப்பார்கள். வண்டியில் முதலில் ஏறும் பிள்ளையின் பெற்றோருக்கு அது நிறைந்த கோலத்தைப் பார்க்கும் வாய்ப்பே வராது. பள்ளி வாசலில் ஒருநாள் காலையில் நின்று பார்த்தால்தான் தெரியும்.

மூன்றாவதாக, உதவியாளர் கிடையாது. ஓட்டுநரே இறங்கி வந்து கதவைத் திறந்து பிள்ளையை வீட்டார் கையில் கொடுத்துவிட்டு ஏறுகிறார் என்றால் பரவாயில்லை. உட்கார்ந்த இடத்திலிருந்தே ஹார்ன் அடித்து, பிள்ளையே சறுக்குக் கதவைத் தள்ளித் திறந்து இறங்க வேண்டியிருந்தால், வாசலுக்கு வருவதால் கிடைத்த நன்மையில் பாதி போய்விடுகிறது. தெரு முட்டாக இருந்தால் வண்டி பின்னோக்கித்தான் வெளியேற வேண்டும். பிள்ளை வீட்டுக்குள் போய்க் கேட் சாத்திய பிறகுதான் வண்டியைப் பின்னால் எடுக்க வேண்டும் என்று முதல் நாளே பேசிவிடுவதில் தயக்கம் வேண்டாம்.

பள்ளி தானே ஏற்பாடு செய்யாமல், பெற்றோர் தனியாகப் பேசிக்கொள்ளும் வேன்களுக்குப் பள்ளியின் மேற்பார்வை போய்ச் சேர்வதில்லை. கேட்டுக்கு வெளியே நடப்பதற்கு நாங்கள் பொறுப்பில்லை என்று பள்ளி சொல்லிவிடும். ஆகவே அந்தக் கண்காணிப்பு வேலையைப் பெற்றோரே செய்ய வேண்டும். ஒரே வேனில் போகும் பிள்ளைகளின் வீட்டார் கூடிப் பேசினால் ஓட்டுநரும் கேட்பார். கூடுதல் பிள்ளைகளை ஏற்றக்கூடாது என்று சொல்வதானால், அதற்கான கட்டணத்தைப் பகிர்ந்து ஈடுகட்டவும் தயாராக இருக்க வேண்டும். டீசலும் எஃப்.சி. செலவும் ஏறும்போது பழைய கட்டணத்துக்கே குறைவான பிள்ளைகளோடு ஓட்டு என்பது நடக்காத காரியம். செலவுக் கணக்கில் இன்னொன்றும் சேரும்: மே மாத விடுமுறைக்கும் பாதிக் கட்டணமோ முழுக் கட்டணமோ கேட்பது பல ஊர்களில் வழக்கம், வண்டி பழுதான நாளில் மாற்று ஏற்பாடு உங்கள் தலையில்.

பாதையைப் பற்றியும் இங்கேயே சொல்லிவிடலாம், ஏனெனில் பேருந்தை விட வேன்தான் குறுக்குவழியில் போகும். 2009 டிசம்பரில் வேதாரண்யம் அருகே பள்ளி வேன் குளத்தில் விழுந்து பிள்ளைகளும், அவர்களைக் காப்பாற்றப் போராடிய இளம் ஆசிரியை ஒருவரும் இறந்தனர். 2025 ஜூலையில் கடலூர் அருகே செம்மங்குப்பத்தில் ரயில்வே கேட்டைக் கடந்த பள்ளி வேன் மீது ரயில் மோதி மூன்று மாணவர்கள் உயிரிழந்தனர். வழியில் தடுப்பில்லாத குளக்கரையோ வாய்க்கால் கரையோ ரயில்வே கேட்டோ இருந்தால், சுற்றுவழியாகப் போகச் சொல்லிக் கேட்கும் உரிமை கட்டணம் கட்டுகிறவருக்கு உண்டு.

நம் இரு சக்கர வாகனம்

ஏறி இறங்கும் இடத்தில் இதற்கு முழு மதிப்பெண். பிள்ளையின் கையைப் பிடித்துப் பள்ளிக் கேட்டுக்குள் விடுவது நீங்களே. மாறாக, ஓடும் நேரத்தில் இதுதான் எல்லாவற்றிலும் பலவீனமானது. சுற்றி ஒரு தகடுகூட இல்லை. இதைச் சமன் செய்ய இருக்கும் ஒரே வழி சட்டம் கேட்பதைச் செய்வது. நான்கு வயதுக்கு மேற்பட்ட யாருக்கும் தலைக்கவசம் கட்டாயம். ஒன்பது மாதம் முதல் நான்கு வயது வரையுள்ள குழந்தையை ஓட்டுநரோடு பிணைக்கும் பாதுகாப்புப் பட்டை, குழந்தைக்கேற்ற தலைக்கவசம், மணிக்கு 40 கிலோமீட்டருக்கு மேற்படாத வேகம் என்ற மத்திய விதி 2023 பிப்ரவரி முதல் நடைமுறையில் இருக்கிறது. பள்ளி வாசலில் காலையில் நின்று பார்த்தால் அப்பா தலையில் மட்டும் ஹெல்மெட் இருக்கும். முன்னால் நிற்க வைத்தும் பின்னால் உட்கார வைத்தும் இரண்டு பிள்ளைகளைக் கொண்டுபோவது, ஓட்டுநரைத் தவிர ஒருவர்தான் என்ற சட்டத்தின்படி தவறு. ஆகவே இரண்டு பிள்ளைகள் உள்ள வீட்டுக்கு இந்த வழி அநேகமாக இல்லை என்றே வைத்துக்கொள்ளலாம்.

செலவும் நினைப்பது போல் குறைவில்லை. பள்ளி ஐந்து கிலோமீட்டர் என்றால் காலை, மாலை போகவர ஒரு நாளைக்கு 20 கிலோமீட்டர். 22 வேலை நாளுக்கு 440. லிட்டருக்கு 45 கிலோமீட்டர் கொடுக்கும் ஸ்கூட்டரில் மாதம் சுமார் 10 லிட்டர் பெட்ரோல். அத்தோடு மழை நாள், உங்களுக்குக் காய்ச்சல் வந்த நாள், அலுவலகம் விடாத நாள். பெரும்பாலான வீடுகளில் இந்த ஏற்பாட்டைத் தாங்கிப் பிடிப்பது தாயின் வேலை நேரமும் தாத்தாவின் முழங்காலும்தான். அவற்றை யாரும் கணக்கில் எழுதுவதில்லை.

பள்ளி இரண்டு மூன்று கிலோமீட்டருக்குள், பாதை நெடுஞ்சாலையைத் தொடாதது, ஒரே பிள்ளை, அழைத்துவர நேரமுள்ள ஒருவர் வீட்டில் உண்டு என்றால் இதைத் தேர்ந்தெடுக்கலாம். ஆனால் வண்டியைப் பள்ளிக்கு எதிர்ப்பக்கம் நிறுத்திவிட்டு அங்கிருந்து பிள்ளையைக் கைதட்டிக் கூப்பிடுவதாக இருந்தால், கூடவே வந்த பயனே இல்லை.

அரசுப் பேருந்து, சைக்கிள், நடை

இது ஆறாம் வகுப்புக்குக் கீழே பேச வேண்டியதில்லை. அதற்கு மேல், பள்ளி மாணவருக்கு இலவசப் பஸ் பாஸ் இருக்கிறது. அரசு, அரசு உதவிபெறும் பள்ளிகளில் பதினோராம் வகுப்பில் விலையில்லா சைக்கிளும் கிடைக்கிறது. ஆபத்து, கூட்டத்தில்தான். பள்ளி விடும் நேரத்தில் ஒரே பேருந்து வரும் தடத்தில் பையன்கள் படியில் தொங்குவது வீரத்தால் மட்டும் அல்ல, உள்ளே இடமில்லாததாலும்தான். அந்தத் தடத்தில் அடுத்த பேருந்து எத்தனை மணிக்கு என்று பார்த்து, அதுவரை காத்திருக்க மகனுக்கு வீட்டிலிருந்து அனுமதி இருக்கிறது என்று தெளிவாகச் சொல்லிவிட்டால், தொங்க வேண்டிய காரணங்களில் ஒன்று குறையும். பன்னிரண்டாம் வகுப்புப் பிள்ளையிடம் ஸ்கூட்டர் சாவியைக் கொடுத்துச் சிக்கலைத் தீர்ப்பவர்களுக்கு: உரிமம் இல்லாத சிறார் ஓட்டிக் குற்றம் நிகழ்ந்தால் பெற்றோருக்கு மூன்று ஆண்டு வரை சிறையும் 25,000 ரூபாய் அபராதமும் விதிக்க மோட்டார் வாகனச் சட்டத்தில் இடமுண்டு.

எந்த வீட்டுக்கு எது

எல்.கே.ஜி. முதல் இரண்டாம் வகுப்பு வரை, வாசலுக்கு வரும் மஞ்சள் பலகை வேன், அளவான பிள்ளைகள், இறங்கி வந்து கையில் ஒப்படைக்கும் ஓட்டுநர் என்ற மூன்றும் சேர்ந்து கிடைத்தால் நான் அதையே முதலில் வைப்பேன், பேருந்து அதன்பிறகுதான். மூன்றில் ஒன்று குறைந்தாலும் பள்ளிப் பேருந்துக்கு மாறுவேன், வீட்டுப் பக்கத்து நிறுத்தம் கிடைக்கும் என்ற நிபந்தனையோடு. பள்ளி தொலைவில் இருந்து, பாதை நெடுஞ்சாலை வழியே போனால் வயது எதுவானாலும் பேருந்துதான். அந்த வேகத்தில் ஓடும் சாலையில் சின்ன வண்டிக்கு வேலையில்லை. ஆட்டோவை இரண்டு கிலோமீட்டருக்குள், சந்துகள் வழியே மட்டும் போகும் பள்ளிக்கு, இருக்கைக்கு மேல் ஏற்றாதவர் என்றால் ஏற்கலாம்.

வேலைக்குப் போகும் இருவர் உள்ள வீட்டில் கலப்பு ஏற்பாடும் நடைமுறைக்கு உகந்தது. காலையில் நாமே விட்டு, மாலையில் வேன் என்று பல பேர் செய்கிறார்கள். மாலைக்குத்தான் கூடுதல் கவனம் வேண்டும்: பிள்ளை களைத்திருக்கும், வீடு கண்ணுக்குத் தெரிந்ததும் ஓடும், அழைக்க வர வேண்டியவர் ஐந்து நிமிடம் தாமதிப்பார். ஒருவழிக் கட்டணம் பேசும்போது, வீட்டார் வந்து நிற்காவிட்டால் பிள்ளையை இறக்காமல் வண்டியிலேயே வைத்துக்கொண்டு தொலைபேசியில் கூப்பிட வேண்டும் என்பதையும் அப்போதே சேர்த்துப் பேசுங்கள். இரண்டாவதாக ஒருவரின் எண்ணையும் கொடுத்து வையுங்கள். ஓட்டுநர் விடுப்பில் போய் மாற்று ஆள் வரும் நாளில் இந்த ஏற்பாடு எதுவும் அவருக்குத் தெரிந்திருக்காது. ஆகவே மாற்று ஓட்டுநர் வரும்போது முன்கூட்டியே செய்தி அனுப்புவார்களா என்பதையும், பேருந்தோ வேனோ, பணம் கட்டுவதற்கு முன் கேட்டுவிடுங்கள்.